பெரிய ஹார்ட் டிஸ்க்கை டிவி ஏன் படிக்க மாட்டேன் என்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள், சேர்த்து வைத்த பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு 2 டிபி அல்லது 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஹாலில் இருக்கும் டிவியிலோ மீடியா பிளேயர் பெட்டியிலோ செருகுகிறோம். அங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது. வீட்டிலும் சுற்றத்திலும் "கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்" என்று பெயர் வாங்கிவிட்டதால் இந்த விஷயத்தில் எனக்கு வராத போன் இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஜோராகத் திறக்கும் டிஸ்க், டிவியில் செருகினால் ஒன்றுமே இல்லை என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மளிகைக் கடைக்காரர் தன் பாணியில் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டைப் பக்கத்துக் கடைப் பையனிடம் கொடுத்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. சாமான் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். டிஸ்க்கில் அந்த நோட்டுக்குப் பெயர் ஃபைல் சிஸ்டம். ஃபார்மேட் செய்வது என்றால் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டு தொடங்குவது.

டிவி ஒரு டிஸ்க்கைத் திறக்க நான்கு படி தாண்ட வேண்டும். முதலில் டிஸ்க் சுழலப் போதிய மின்சாரம். அடுத்து, டிஸ்க் எப்படிப் பாகம் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. மூன்றாவது ஃபைல் சிஸ்டம். கடைசியாக, அந்த வீடியோ எந்த வகை என்பது. எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நீட்டி முழக்காமல் சொல்லுங்கள். எந்த ஃபார்மேட்?

வீட்டில் இருக்கும் பெட்டிகளிலேயே ரொம்பப் பழசு எது என்று பாருங்கள். அந்த டிஸ்க்கை அதில் செருகப் போகிறீர்கள் என்றால் முடிவு அதன் கையில்தான். புது டிவி பெரும்பாலும் படித்துவிடும். பழைய பெட்டிதான் அடம் பிடிக்கும்.

என்டிஎஃப்எஸ் (NTFS), எக்ஸ்ஃபேட் (exFAT), ஃபேட்32 (FAT32) என்ற மூன்று ஃபைல் சிஸ்டங்களுக்குள்தான் தேர்வு. விண்டோஸ் கம்ப்யூட்டரும் டிவியும் மட்டும்தான் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு என்டிஎஃப்எஸ் என்பேன். மேக் இருக்கிறது, அதிலிருந்தும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். பிளேஸ்டேஷன் 4, 5 இருந்தாலும் எக்ஸ்ஃபேட்தான். அவை என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய டிவிடி பிளேயர், கார் ஸ்டீரியோ வகையறாவுக்குப் பெரிய டிஸ்க்கையே கொண்டு போகாதீர்கள். ஒரு 32 ஜிபி பென்டிரைவை ஃபேட்32 ஆக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேட்32 எல்லாப் பெட்டியிலும் ஓடும் என்கிறார்களே, அதையே பெரிய டிஸ்க்குக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

ஓடும், உண்மைதான். 1996-இல் விண்டோஸ் 95-இன் இரண்டாம் பதிப்போடு வந்தது. அதைப் படிக்கத் தெரியாத பெட்டி அபூர்வம். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது அதன் சட்டம். ஃபைலின் அளவைக் குறிக்க அதில் 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் எண்ணிக்கை போகாது.

என் சித்தி மகள் கல்யாண வீடியோவில்தான் இதை நேரில் பார்த்தேன். வீடியோக்காரர் முழு முகூர்த்தத்தையும் 11 ஜிபிக்கு ஒரே ஃபைலாகக் கொடுத்திருந்தார். சித்தப்பா அதைத் தன் 1 டிபி டிஸ்க்கில் போடப் பார்த்தால், ஃபைல் ரொம்பப் பெரிசு என்று சொல்லி விண்டோஸ் மறுக்கிறது. டிஸ்க்கில் 900 ஜிபி காலி. "காலி இடம் இவ்வளவு காட்டுது, ஆனா இடமில்லைங்குதே, டூப்ளிகேட் டிஸ்க்க வித்துட்டானா?" என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டார். கடைக்காரர் மேல் தப்பில்லை. டிஸ்க் ஃபேட்32-இல் இருந்தது, அவ்வளவுதான்.

நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவான ஃபுல் எச்டி வீடியோ ஒன்று கிட்டத்தட்ட ஒரு மணி பத்து நிமிடத்தில் 4 ஜிபியைத் தொட்டுவிடும். நல்ல தரத்தில் இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஃபேட்32-க்கு வழியே இல்லை. சில கேமராக்கள் நீளமான வீடியோவைத் தாமாகவே துண்டு துண்டாக வெட்டி எழுதுவதற்கும் பல சமயம் இந்த வரம்புதான் காரணம்.

இன்னொரு தொல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை ஃபேட்32 ஆக்க விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் ஒத்துக்கொள்ளாது. அந்த வரம்பு ஃபேட்32-க்கு உரியது இல்லை, மைக்ரோசாஃப்ட் வைத்த வேலி. 2024 ஆகஸ்டில்தான் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பில், அதுவும் கட்டளை வரியில் மட்டும், அதை 2 டிபி வரை தளர்த்தினார்கள். ரூஃபஸ் மாதிரி இலவச மென்பொருள்கள் இதை வெகுகாலமாகச் செய்து கொடுக்கின்றன. செய்ய முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டிலும்தான் பெரிய ஃபைல் போகிறதே. அப்புறம் என்ன வித்தியாசம்?

என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. கொஞ்சம் கனமானது, ஆனால் பொறுப்பானது. எதையாவது மாற்றுவதற்கு முன் "இதைச் செய்யப் போகிறேன்" என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் கை வைக்கும். பாதியில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பை வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

எக்ஸ்ஃபேட் 2006-இல் வந்தது. இலகுவானது, விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். ஆனால் அந்தக் குறிப்பேடு அதில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினாலோ மின்வெட்டு வந்தாலோ மொத்தக் கணக்கும் குழம்ப வாய்ப்பு உண்டு. வெயில் காலத்தில் தினம் இரண்டு தடவை கரண்ட் போகும் ஊரில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் காப்பி போடுவது எனக்குப் பிடிக்காத காரியம். லேப்டாப்பில் போடுங்கள், பேட்டரி காப்பாற்றும்.

பழைய மீடியா பிளேயர்களில் எக்ஸ்ஃபேட் இல்லாததற்குத் தொழில்நுட்பத்தைவிடக் காசுதான் காரணம். பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். எக்ஸ்ஃபேட்டுக்கு மைக்ரோசாஃப்ட்டிடம் காப்புரிமை இருந்ததால் பெட்டி செய்பவர்கள் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2019-இல்தான் அதன் முழு விவரத்தையும் வெளியிட்டு லினக்ஸில் சேர்க்க வழிவிட்டார்கள். அதற்கு முன் வந்த மலிவான பெட்டி என்டிஎஃப்எஸ்ஸைப் படித்து, எக்ஸ்ஃபேட்டைப் பார்த்து முழித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 2008-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கொண்டுவந்த டபிள்யூடி டிவி பெட்டி ஃபேட்32, என்டிஎஃப்எஸ், மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் ஆகியவற்றைப் படித்தது. அந்தக் காலத்துப் பெட்டி இன்னும் வேலை செய்கிறது என்றால் என்டிஎஃப்எஸ்தான் அதற்குச் சரி.

2 டிபி டிஸ்க் ஓடியது. அதே கம்பெனியின் 4 டிபி வாங்கினேன், அதே பிளேயரில் ஓடவில்லை. ஃபார்மேட் இரண்டும் என்டிஎஃப்எஸ்தான்!

இதுதான் நிறையப் பேரைச் சுற்றலில் விடும் இடம். நான் சொன்ன இரண்டாம் படி நினைவிருக்கிறதா? ஃபைல் சிஸ்டத்துக்கும் முன்னால், டிஸ்க்கின் முதல் பக்கத்திலேயே பாகப் பிரிவினை அட்டவணை ஒன்று இருக்கும். அதில் பழைய வகை எம்பிஆர் (MBR), புதிய வகை ஜிபிடி (GPT).

எம்பிஆர், டிஸ்க்கை 512 பைட் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக எண்ணும். அதால் எண்ண முடிந்தது சுமார் 430 கோடி கட்டம். பெருக்கிப் பார்த்தால் 2.2 டிபிக்குப் பக்கத்தில் வரும். அதற்கு மேல் டிஸ்க் இருந்தாலும் எம்பிஆருக்கு அது கண்ணுக்குத் தெரியாத நிலம். ஆகவே 3, 4, 5 டிபி டிஸ்க்குகளுக்கு ஜிபிடி வேண்டும். உங்கள் பழைய பிளேயருக்கு ஜிபிடி தெரியாவிட்டால், உள்ளே என்ன ஃபார்மேட் இருக்கிறது என்று பார்க்கும் கட்டத்துக்கே அது வராது.

4 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் வைத்தால் எப்படி இருக்கும் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்க்கலாம். 2048 ஜிபி ஒரு பட்டையாகவும், மீதி சுமார் 1678 ஜிபி கறுப்புத் தலைப்பு போட்ட வெற்றுப் பட்டையாகவும் நிற்கும். அந்தக் கறுப்பில் ரைட் கிளிக் செய்தாலும் புதுப் பாகம் உருவாக்கும் வரி மங்கலாகவே கிடக்கும். பழைய பிளேயரை விட மனமில்லை என்றால் அந்த 1678 ஜிபியைத் தண்ணீர் தெளித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு 2 டிபி டிஸ்க் இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

என் பழைய 3 டிபி டிஸ்க் எம்பிஆரில்தான் முழுசாக ஓடுகிறது. அது எப்படி?

டிஸ்க்கை மூடியிருக்கும் உறைப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டின் வேலை அது. விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்டுக்கு ஜிபிடி டிஸ்க் தெரியாது. அதனால் சில தயாரிப்பாளர்கள், கட்டம் 512 பைட் இல்லை, 4096 பைட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும்படி அந்தப் போர்டைச் செய்தார்கள். கட்டம் எட்டு மடங்கு பெரிதானால் எம்பிஆர் எட்டும் தூரமும் எட்டு மடங்கு. ஒரு எச்சரிக்கை: அந்த டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி வேறு பெட்டியில் போட்டால் காலி டிஸ்க் போலத் தெரியும். பயந்து ஃபார்மேட் கொடுத்துவிடாதீர்கள். பழைய பெட்டியில் திரும்பப் போட்டால் எல்லாம் வந்துவிடும்.

சரி, விண்டோஸில் எப்படிச் செய்வது?

முதலில் டிஸ்க்கில் உள்ளதை வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். அப்புறம் மற்ற பென்டிரைவ், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தப்பான டிஸ்க்கை அழித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு டிஸ்க்கைச் செருகி வைத்திருந்தவர்கள்.

ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். கீழே ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு வரிசையில் நிற்கும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள்: 4 டிபி டிஸ்க் அங்கே 3725 ஜிபி என்று தெரியும், 2 டிபி 1863 ஜிபி. கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். யாரும் திருடவில்லை.

அந்த வரிசையில் உள்ள பாகங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். எல்லாம் நீங்கிய பிறகு இடது ஓரத்துச் சாம்பல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்தால் ஜிபிடிக்கோ எம்பிஆருக்கோ மாற்றும் வரி கிடைக்கும். 2 டிபி வரை நான் எம்பிஆர் வைக்கிறேன், பழைய பெட்டிக்கும் ஒத்துப்போகும். அதற்கு மேல் ஜிபிடி. பிறகு கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து ஒரே ஒரு பாகம் உருவாக்கி, ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று பாகமாகப் பிரிக்க ஆசைப்படாதீர்கள். முதல் பாகத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும் டிவிகள் உண்டு.

அலொகேஷன் யூனிட் சைஸ் என்று ஒன்று கேட்கும். அதை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்கு வைக்கும் பெயர் மட்டும் இங்கிலீஷில், சின்னதாக இருக்கட்டும்.

க்விக் ஃபார்மேட்டா, முழு ஃபார்மேட்டா?

புது டிஸ்க்குக்கு க்விக் போதும், சில நொடியில் முடியும். முழு ஃபார்மேட் டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம் எழுதிக்கொண்டு போகும். நொடிக்கு 120 எம்பி வேகத்தில் 4 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிஸ்க் மேல் சந்தேகம் இருந்தாலோ, விற்கப் போகிறீர்கள் என்றாலோ ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

மேக்கில் எக்ஸ்ஃபேட் ஆக்கினேன். டிவியில் டிஸ்க் தெரிகிறது, உள்ளே காலி.

மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியில் ஜியுஐடி முறையை (ஜிபிடிக்கு அங்கே அதுதான் பெயர்) தேர்ந்தெடுத்தால், மேக் உங்களைக் கேட்காமலேயே முன்னால் 200 எம்பிக்கு ஒரு குட்டிப் பாகம் போட்டுவிடும். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்குவதற்கான சமாச்சாரம் அது. சில டிவிகள் அந்தக் குட்டியைத் திறந்து பார்த்து, "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடும். 2 டிபிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், அதாவது எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி தெரிய, மேலே பார்வை மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, பாகத்தை விட்டுவிட்டு டிஸ்க்கின் தலைவரியைத் தொட வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்து கொண்டுவருவது சுலபம்.

மேக்கில் காப்பி போட்ட டிஸ்க்கில் ஒவ்வொரு படமும் டிவியில் இரண்டிரண்டாகத் தெரிவதும் உண்டு. ஒன்று நிஜப் படம், இன்னொன்று பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் கொண்ட சில கேபி துணுக்கு. மேக் தன் சொந்தக் குறிப்புகளை அதில் எழுதி வைக்கிறது. அதைத் திறந்தால் "ஆதரிக்கப்படாத ஃபைல்" என்று டிவி சொல்லும். அழித்துவிட்டால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

டிவியே "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. சரி கொடுக்கலாமா?

படம் பார்க்க மட்டும் என்றால் கொடுக்காதீர்கள். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதிக்காக டிவியோ செட்டாப் பாக்ஸோ டிஸ்க்கைத் தன் சொந்த முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளும். அப்புறம் அது வேறு எந்தப் பெட்டியிலும் திறக்காது. கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸும் தன் பங்குக்கு "ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று நிற்கும்.

ஆண்ட்ராய்டு டிவிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. செருகியதும், இதை டிவியின் உள் சேமிப்பாக வைத்துக்கொள்ளவா, கழற்றக்கூடிய சேமிப்பாகவா என்று கேட்கும். உள் சேமிப்பு என்று தொட்டுவிட்டால் டிஸ்க்கை அழித்து, பூட்டுப் போட்டு, அந்த ஒரு டிவிக்கே எழுதி வைத்துவிடும். எப்போதும் கழற்றக்கூடியது என்பதையே தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம், டிவியில் வந்து வந்து போகிறது.

இது ஃபார்மேட் விவகாரமே இல்லை, பசி. கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க் யூஎஸ்பி வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும். யூஎஸ்பி 2 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 துளை 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 500 பத்தாமல் போகலாம். டிவியின் பின்னால் எச்டிடி என்று குறித்த துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். நீளமான மலிவு வயரும் இதே வியாதியைத் தரும். டிஸ்க்கோடு வந்த குட்டை வயரையே போட்டுப் பாருங்கள். அதே சத்தம் கம்ப்யூட்டரிலும் கேட்டால் மட்டும் கவலைப்படுங்கள். உடனே காப்பி எடுங்கள்.

நேற்று வரை ஓடிய என்டிஎஃப்எஸ் டிஸ்க், இன்று டிவியில் இல்லை.

கம்ப்யூட்டரிலிருந்து எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கியிருப்பீர்கள். டிஸ்க் "கணக்கு முடிக்கவில்லை" என்ற அடையாளத்தோடு நிற்கும். விண்டோஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது, சில லினக்ஸ் பெட்டிகள் தொடவே மாட்டேன் என்று ஒதுங்கும். கம்ப்யூட்டரில் செருகி, டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பக்கத்தில் செக் கொடுத்து, முறைப்படி எஜெக்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காக ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. மறுபடி ஃபார்மேட் செய்யட்டுமா?

வேண்டாம் சாமி. பட்டியலில் பெயர் தெரிந்துவிட்டால் டிஸ்க் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் பெரும்பாலும் டிடிஎஸ் என்ற ஒலி வகையில் இருக்கும், உங்கள் டிவிக்கு அது தெரியாது. சாம்சங் 2018-இலும் எல்ஜி 2020-இலும் டிடிஎஸ்ஸைத் தங்கள் டிவிகளிலிருந்து எடுத்துவிட்டன. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி, கோடி மாதிரி ஒரு பிளேயரை ஆண்ட்ராய்டு பெட்டியில் போட்டுப் பாருங்கள். படம் கறுப்பாக வந்து சத்தம் மட்டும் கேட்டால் வீடியோ வகை புதிது, டிவி பழசு என்று பொருள்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

மூன்று ஃபார்மேட்டும் தமிழ்ப் பெயரை ஒழுங்காகவே சேமிக்கும். டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டம். எழுத்துரு இருந்து, எழுத்தைக் கோக்கத் தெரியாவிட்டால் "கொ"வின் கொம்பு ஒரு பக்கமும் அதன் கால் ஒரு பக்கமும் கிடக்கும். பெயரை இங்கிலீஷில் வைப்பதுதான் இப்போதைக்கு வழி. தமிழ் சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, படத்தின் பெயரையே வைத்தால் புது டிவிகளில் பெரும்பாலும் வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் டிவி மசியவில்லை. வேறு வழி?

டிஸ்க்கை டிவியில் செருகாதீர்கள். வைஃபை ரவுட்டரில் யூஎஸ்பி துளை இருந்தால் அதில் செருகலாம். அல்லது பழைய கம்ப்யூட்டரில் செருகி, வீட்டு நெட்வொர்க்கில் படங்களைப் பரிமாறும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டுவிடலாம். படம் நெட்வொர்க் வழியாக டிவிக்குப் போகும். டிஸ்க் என்ன ஃபார்மேட் என்பது டிவிக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியது?

சோதனை. இதை மட்டும் யாரும் செய்வதில்லை. 1 டிபியை யூஎஸ்பி 2 வழியாக ஏற்ற எட்டு மணி நேரம் பிடிக்கும். ஏற்றி முடித்துவிட்டு டிவி படிக்கவில்லை என்று தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஃபார்மேட் செய்ததும் ஒரு சின்னப் பாட்டு, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு படம், இரண்டை மட்டும் போட்டு வீட்டில் உள்ள எல்லாப் பெட்டியிலும் செருகிப் பாருங்கள். பெரிய படத்தின் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஃபார்மேட் செய்த பிறகுதான் நினைவு வந்தது, உள்ளே அம்மாவின் போட்டோக்கள் இருந்தன.

உடனே கழற்றுங்கள். அதற்கு மேல் ஒரு ஃபைல்கூட அதில் எழுதக் கூடாது. க்விக் ஃபார்மேட் என்றால் நோட்டுதான் போயிருக்கிறது, சாமான் அலமாரியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். இலவசமான ஃபோட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருளை ஓட்டி, மீட்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். ஃபைல் பெயர்கள் போயிருக்கும், போட்டோ வரும். சுழலாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு, ஃபார்மேட் செய்யும்போதே உள்ளே துடைத்துவிடக்கூடும். முழு ஃபார்மேட் ஓடி முடிந்திருந்தால் எந்தக் கடைக்காரரிடமும் காசு கொடுக்காதீர்கள். பழைய போன்களையும், யாருக்காவது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் தேட ஆரம்பியுங்கள்.